உடன்படாமல் கொடுத்த நற்சான்று

1984 ஜூன் மாதம். ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவ விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. நெற்றியில் விபூதியோடு போய் உட்கார்ந்தேன். அழித்துவிட்டுப் போ என்று வீட்டில் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். காலையில் ஜெபத்தோடுதான் இங்கே வகுப்பு தொடங்கும், அதில் சங்கடம் ஒன்றும் இல்லையே என்று முதல்வர் கேட்டார். இல்லை என்றேன். எம்.ஃபில். எப்போது முடியும், எங்கே தங்குவீர்கள் என்று வழக்கமான கேள்விகள். அப்புறம், ஓரத்தில் அதுவரை பேசாமல் இருந்த பெரியவர் ஒருவர் வாயைத் திறந்தார். அந்த ஆண்டு ஓய்வு பெற்ற துறைத் தலைவர். அவருடைய இடத்துக்குத்தான் ஆள் எடுத்தார்கள்.

“கர்மாவைப் பற்றிப் பாடம் எடுக்கச் சொன்னால் யார் பக்கம் நின்று எடுப்பீர்கள்?”

இந்தக் கேள்விக்குத் தயாராகவே போயிருந்தேன். “யார் பக்கமும் நிற்க மாட்டேன் சார். எல்லாத் தரப்பையும் சொல்லிவிட்டு, முடிவை மாணவர்களிடம் விட்டுவிடுவேன்.”

“அதற்குப் புத்தகம் போதுமே. நீங்கள் எதற்கு?”

பதில் சொல்ல முடியவில்லை. வேலை கிடைத்தது. முப்பது ஆண்டுகள் அங்கேயே பாடம் நடத்தி, 2014 மே மாதம் ஓய்வு பெற்றேன். சைவக் குடும்பத்தில் பிறந்தவன், கிறிஸ்தவர்கள் நடத்தும் கல்லூரியில், தத்துவம் சொல்லிக் கொடுத்தேன். இந்த மூன்றும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்காத உறவினர் இல்லை. அந்தப் பெரியவரின் கேள்விதான் அதற்கெல்லாம் நான் தேடிய விடையின் தொடக்கம்.

சேர்ந்த முதல் மாதத்திலேயே அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். கையோடு ஒரு பழைய புத்தகத்தையும் கொடுத்தார். கர்மாவையும் மீட்பையும் பற்றிய சிறிய நூல், 1909இல் சென்னையில் அச்சானது. எழுதியவர் ஏ.ஜி. ஹாக். அட்டை கழன்று நூலால் தைத்திருந்தது. பக்க ஓரங்களில் பென்சிலால் பொடி எழுத்தில் குறிப்புகள். “இவர் கிறிஸ்தவர், மிஷனரி. நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். நானே பல இடங்களில் ஒப்புக்கொள்ளவில்லை. படியுங்கள்” என்றார்.

பெரியவர் 1940களில் தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். ஹாக் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். ஆனால் ஹாக்கிடம் படித்தவர்களிடம் படித்தோம் என்பதில் பெரியவருக்கு அவ்வளவு பெருமை. எங்கள் ஊர்ப்பக்கம் ஓதுவார்கள் தங்கள் குருவின் குருவைச் சொல்வது போலச் சொல்வார்.

ஒவ்வொரு செப்டம்பர் 5ஆம் தேதியும் சர்வேபள்ளி ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை போடுகிறோம். 1962இலிருந்து இது நடக்கிறது. அந்த ஆசிரியருக்கு ஆசிரியர் யார் என்று மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. திருத்தணியில் பிறந்த அந்தப் பையன் வேலூர் ஊரீஸ் கல்லூரியிலிருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தபோது, தத்துவத்தை ஆசைப்பட்டு எடுக்கவில்லை. படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தம்முடைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார், புதிதாக வாங்கக் காசில்லை, அதனால் தத்துவம். அந்த வகுப்பறையில் அவருக்குக் கிடைத்தவர் ஹாக்.

ஹாக்கின் கதையும் கேட்க வேண்டியது. 1875இல் எகிப்தில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். எடின்பரோவில் இறையியல் படிக்கும்போது விசுவாசமே ஆட்டம் கண்டுவிட்டது. போதகராகும் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார். நண்பர்கள் துணையோடும் நிறையப் படித்தும் மெல்ல மீண்டார். 1903இல் சென்னைக்கு வந்தபோது அவர் போதகர் அல்லர், வெறும் ஆசிரியர். சந்தேகம் என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளாமல், அதில் விழுந்து எழுந்து தெரிந்துகொண்டவர். அப்படிப்பட்ட ஒருவரைத் தத்துவம் சொல்லிக் கொடுக்க அனுப்பியது, அனுப்பியவர்கள் அறிந்து செய்ததோ அறியாமல் செய்ததோ, நம் ஊருக்குக் கிடைத்த நல்லூழ் என்பேன்.

அந்தக் காலத்து மிஷன் கல்லூரிகளில் இந்து சமயத்தைப் பற்றிப் பேசிய விதம் ராதாகிருஷ்ணனுக்குத் தைத்தது. விவேகானந்தரைப் படித்து நிமிர்ந்திருந்த மனசு அது. வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை, உலகமே மாயை என்றால் நல்லது கெட்டது எங்கிருந்து வரும் என்று வகுப்பில் கேட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் 1908இல், தம் இருபதாவது வயதில், வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றி எம்.ஏ. ஆய்வேட்டை எழுதினார். திருத்தப் போகிறவர் ஹாக். இதைப் படித்தால் ஆசிரியர் மனம் புண்படுமோ என்று பயந்ததாக ராதாகிருஷ்ணனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

ஹாக் கொடுத்த நற்சான்று இன்றும் இருக்கிறது. தத்துவச் சிக்கல்களின் முக்கியமான பக்கங்களை இந்த மாணவர் குறிப்பிடத்தக்க அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கிறார், சிக்கலான வாதத்தையும் சுலபமாகக் கையாள்கிறார், ஆங்கிலமும் சராசரிக்கு மேல். இவ்வளவுதான் அதன் சாரம். ஏட்டின் முடிவோடு ஹாக் உடன்பட்டிருக்க வழியே இல்லை. கர்மக் கோட்பாட்டின் மேல் தாம் எழுதிய விமர்சனத்தைக் கல்லூரி இதழில் வெளியிட்டு மூன்று நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இருந்தும் வாதத்தை வாதமாக எடை போட்டார். 1909இல் ராதாகிருஷ்ணன் மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்ஃபோர்டு, குடியரசுத் தலைவர் மாளிகை.

நான் உதவிப் பேராசிரியர்களிடம் பேச நேரும்போதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். கெட்டிக்கார மாணவனுக்கு நல்ல மதிப்பெண் போடுவது பெரிய விஷயம் இல்லை. என் நம்பிக்கையின் வேரை நோக்கி எழுதியவனுக்கு, அவன் எழுத்து நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவதுதான் கடினம்.

கிறிஸ்தவக் கல்லூரிகளின் தத்துவ வகுப்புகளில் இதுபோல் நடந்தது இது ஒன்றுதானா என்றால், இல்லை. கல்கத்தாவில் ஜெனரல் அசெம்பிளி கல்லூரியில் வில்லியம் ஹேஸ்டி என்ற முதல்வர் வேர்ட்ஸ்வொர்த் கவிதையில் வரும் பரவச நிலையை விளக்கும்போது, அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தட்சிணேஸ்வரத்துக்குப் போய் ராமகிருஷ்ணரைப் பாருங்கள் என்றாராம். வகுப்பில் இருந்த நரேந்திரன்தான் பிறகு விவேகானந்தர். ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார் தம் மாணவனைக் காளி கோயிலுக்கு வழிகாட்டி அனுப்பினார் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சரி, ஹாக் அந்த நூலில் என்னதான் சொன்னார்? அவருக்கு முன்னும் பின்னும் நல்ல மனதுள்ள மிஷனரிகள் ஒரு வழியைப் பிடித்திருந்தார்கள். இந்து சமயம் தேடியதெல்லாம் கிறிஸ்துவில் நிறைவு பெறுகிறது என்பது அவர்கள் வாதம். 1913இல் ஜே.என். ஃபார்க்குவார் இதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். கேட்க இனிமையாக இருக்கும். ஹாக் அதை ஏற்கவில்லை. உன் பசிக்கு என்னிடம் சோறு இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், இவனுக்கு அந்தப் பசிதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? இந்து கேட்கும் கேள்வி வேறு, கிறிஸ்தவன் கேட்கும் கேள்வி வேறு. ஒற்றுமைகளைப் பொறுக்கி அடுக்காமல், எங்கே வேறுபடுகிறோமோ அங்கேயே நின்று பேசுவோம் என்றார். முதல் முறை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து ஆண்டுகள் கழித்துத்தான், என்னை அவருடைய கதையின் முதல் அத்தியாயமாக ஆக்காமல் தனி ஆளாக எதிரே உட்கார வைத்த மரியாதை அது என்று புரிந்தது.

கர்மாவைப் பற்றி அவர் சொன்னது இது. கர்மக் கோட்பாட்டில் பிரபஞ்சம் ஒரு நீதிமன்றம். தீர்ப்பு ஒருநாளும் பிசகாது. வினைக்கு ஏற்ற பலன், அணுவளவும் கூடாது, குறையாது. அதன் கம்பீரத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த மன்றத்தில் காரணமில்லாத துன்பம் என்று ஒன்று கிடையாது. ஒருவருக்காக இன்னொருவர் துன்பத்தை ஏற்பது என்பதற்கும் அங்கே பொருள் கிடையாது. கிறிஸ்தவம் தொடங்குவதே அந்த இடத்தில்தான் என்றார்.

இதை நான் வகுப்பில் நடத்தியது 1991 அல்லது 92 என்று நினைவு. இரண்டாம் ஆண்டு பி.ஏ., பதினான்கு பேர். அவர்களில் ஒருவனுக்குச் சிறுவயதில் போலியோவில் இடதுகால் சூம்பிப்போயிருந்தது. கம்பிக் கட்டு போட்டிருப்பான். நடந்தால் வராந்தாவில் சத்தம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான். எழுந்து போக வசதி என்று வாசலை ஒட்டிய முன் பெஞ்சில் உட்காருவான். அன்று சைவ சித்தாந்தத்தில் வினையின் மூன்று வகைகளை, சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தேன். பிராரத்தம் என்றால் இந்தப் பிறவியில் அனுபவித்தே தீர வேண்டிய பங்கு என்றேன். அவன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டான்.

“அப்ப என் காலுக்கு நான்தான் காரணமா சார்? எங்க ஆச்சி அப்படித்தான் சொல்லுவா.”

சாக்பீஸ் என் கையிலேயே இருந்தது. யாரும் அசையவில்லை. எல்லாத் தரப்பையும் சொல்லி விட்டுவிடுவேன் என்று நேர்முகத் தேர்வில் சொன்னேனே, அதைத்தான் செய்தேன். சித்தாந்தம் இப்படிச் சொல்கிறது, பௌத்தம் இப்படிச் சொல்கிறது, ஹாக் இப்படி மறுக்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டதற்கு, இவனும் இல்லை, இவன் பெற்றோரும் இல்லை என்று இயேசு சொன்னதாக யோவான் நற்செய்தியில் வருவதையும் சொன்னேன். வகுப்பில் இருந்த கிறிஸ்தவ மாணவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. முன் பெஞ்சுக்காரன் அதையும் விடவில்லை.

“சரி சார். நானும் காரணம் இல்ல, எங்க அம்மா அப்பாவும் காரணம் இல்ல. அப்ப கடவுள் ஏன் பாத்துக்கிட்டு சும்மா இருந்தாரு?”

மணி அடித்தது. அன்றைக்கு அந்த மணி என்னைக் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். இரவு தூக்கமே வரவில்லை. பெரியவர் கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு வேண்டியது தரப்புகளின் பட்டியல் இல்லை. எதிரே நிற்கிற மனிதன் என்ன நினைக்கிறான் என்று கேட்டான்.

மறுநாள் பலகையில் ஒரு குறளை எழுதினேன். அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை. பல்லக்கைச் சுமக்கிறவனையும் அதில் ஏறிப் போகிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரியும், நூல் வைத்து நிறுவ வேண்டாம் என்பது பரிமேலழகர் காட்டும் பொருள். அப்படிச் சொல்லாதே என்பதுதான் அந்த ‘வேண்டா’ என்று வேறு விதமாகப் படிப்பவர்களும் உண்டு. எது சரி என்று உரையாசிரியர்கள் பேசட்டும். நான் மாணவர்களிடம் கேட்டது, இதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதுதான். பல்லக்கில் இருப்பவன் தன் கீழே இருப்பவனிடம் சொல்கிறானா? தூக்குகிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறானா? சொல் ஒன்றுதான். ஆனால் முன்னது கொடுமை, பின்னது ஒருவேளை தைரியம்.

அப்புறம் என் பக்கத்தைச் சொன்னேன். எனக்குக் கர்மாவில் நம்பிக்கை உண்டு. என் வாழ்க்கையில் நடந்ததை நான் திரும்பிப் பார்த்து, இதில் என் வினை என்ன என்று கேட்டுக்கொள்ள அது எனக்கு உதவுகிறது. இன்னொருவர் காலைக் காட்டி அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த இடத்தில் அது தத்துவமாக இருப்பதை விட்டுவிட்டுக் குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் இது கர்த்தருடைய சித்தம் என்று சொல்வதற்கும் இதே விதிதான். இழந்தவள் சொல்லிக்கொண்டால் அது ஜெபம். வந்தவர் சொன்னால் அவளுக்கு அது இன்னோர் அடி. கடவுள் ஏன் சும்மா இருந்தார் என்ற உன் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, அதை மறைக்கவும் மாட்டேன் என்றேன். அவன் தலையாட்டினான். ஏற்றுக்கொண்டானா என்று தெரியாது. ஆனால் அந்த ஆண்டு முழுக்க ஒரு வகுப்பைக் கூட விடவில்லை.

பக்கம் நின்று பாடம் நடத்துவது என்றால் பிரசாரம் செய்வதில்லை என்று அன்றிலிருந்து எனக்குத் தெளிவு. நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தால்தான் மாணவன் என்னைத் தள்ளிப் பார்க்க முடியும்.

இதற்கு விலையும் உண்டு. பிறகு ஒரு வருஷம் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமை நடத்தினேன். அற்புதங்களைப் பற்றி 1748இல் அவர் எழுதிய பகுதி. இயற்கை விதியை மீறி ஒன்று நடந்தது என்று சாட்சி சொல்கிறார்கள், அந்தச் சாட்சி பொய்யாக இருப்பது அதைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால் ஒழிய நம்பாதே என்பது அவர் வாதத்தின் சுருக்கம். ஒரு மாணவியின் அப்பா, சபையில் பொறுப்பில் இருப்பவர், முதல்வரிடம் வந்துவிட்டார். சபையார் காணிக்கையில் எழுந்த கல்லூரியில் அற்புதமே கிடையாது என்று பாடமா என்று கேட்டார். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, ஹியூம் பாடத்திட்டத்தில் இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். அவரை மறுத்தவர்களையும் நடத்தினீர்களா? நடத்தினேன். அப்படியானால் நீங்களே வகுப்பில் வந்து உட்காருங்கள் என்று முதல்வர் அந்த அப்பாவிடம் சொல்லிவிட்டார். வந்தார். ஒரு மணி நேரம் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போது, “எங்க ஐயரைக் கூட்டிட்டு வந்தா பேசுவீங்களா?” என்றார். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அடுத்த வாரம் ஐயரும் வந்தார். வயது எழுபது இருக்கும். சாட்சியை விசாரிப்பதற்கு முன்னாலேயே தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் உங்கள் ஹியூம், விதி மீறப்படவே இல்லை என்று எல்லாச் சாட்சிகளையும் பார்த்துத்தானே சொல்ல வேண்டும் என்றார். புத்தகங்களில் பல பக்கம் செலவழித்து வரும் மறுப்பு அது. ஒரு வரியில் சொன்னார். மாணவர்கள் அவரை விடவே இல்லை, மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. வேறொரு வருஷம், ஹாக்கின் கர்ம விமர்சனத்தை நடத்தியதற்காக எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு புகார் வந்தது. அவர்கள் வகுப்புக்கு வரச் சம்மதிக்கவில்லை.

கிறிஸ்தவ உயர்கல்வி எதற்கு என்ற கேள்வியை வெளியார் மட்டும் கேட்கவில்லை. 1837இல் சென்னையில் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளிதான் பிறகு வில்லியம் மில்லர் கையில் கல்லூரியாக வளர்ந்தது. மில்லர் 1862இல் வந்தார். அவர் காலம் முழுக்க, இவ்வளவு பணம் செலவழித்து எத்தனை பேரைக் கிறிஸ்தவர்கள் ஆக்கினீர்கள் என்று ஸ்காட்லாந்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கணக்குப் பார்த்தால் மிகக் குறைவு. தலை எண்ணுவதற்காகக் கல்லூரி நடத்தவில்லை, ஒரு சமூகத்தின் சிந்தனைக்குள் மெல்ல ஊறுவதற்காக நடத்துகிறோம் என்பது அவர் நிலை. 1930களின் தொடக்கத்தில் இந்தியக் கிறிஸ்தவக் கல்லூரிகளை ஆராய ஒரு குழு வந்தது. அதன் தலைவர் ஏ.டி. லிண்ட்சே, ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரியின் தலைவர், அவரும் தத்துவப் பேராசிரியர்தான். தேர்வுக்கு ஆள் தயாரிக்கும் இடங்களாகக் கல்லூரிகள் மாறிவிட்டன என்று அந்தக் குழு வருந்தியது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வருத்தத்தில் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

ஹாக் 1928இல் முதல்வரானார். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே நெருக்கடியில் இருந்த கல்லூரியை 1937இல் தாம்பரத்துக்கு, சேலையூர்க் காட்டுக்கு மாற்றியது அவர் காலத்தில்தான். அடுத்த ஆண்டு டிசம்பரில் அங்கே உலக மிஷனரி மாநாடு கூடியது. சீனாவில் நடக்க வேண்டியது, ஜப்பானியப் போரால் தாம்பரத்துக்கு வந்தது. ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து 470 பேர். ஹாலந்து அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு கனமான நூலோடு வந்திருந்தார். கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் மற்றச் சமயங்களுக்கும் இடையில் பாலமே இல்லை என்பது அதன் அடிநாதம். முப்பத்தைந்து ஆண்டுகள் இந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தி முடித்திருந்த ஹாக் அதை மறுத்தார். சமயக் கோட்பாடுகள் வேறு, விசுவாசம் வேறு என்றார். கிறிஸ்தவர் அல்லாதவர்களின் கோட்பாடுகளோடு நான் வாதாடலாம். ஆனால் அவர்களிடமும் கடவுளோடு உண்மையான உறவில் வாழும் விசுவாசத்தைக் கண்டிருக்கிறேன், அதை இல்லை என்று சொல்ல முடியாது என்பது அவர் நிலை. கல்லூரியின் பழைய மாணவர்களான வி. சக்கரையும் பி. செஞ்சையாவும் இன்னும் ஒருபடி மேலே போய், நண்பர்களோடு சேர்ந்து அந்த ஆண்டே தனி நூல் ஒன்றில் கிரேமருக்குப் பதில் எழுதினார்கள். சக்கரை பிறகு சென்னை மேயராகவும் இருந்தார்.

நான் இரண்டு முறை தாம்பரம் வளாகத்துக்குப் போயிருக்கிறேன். மரங்களுக்கு நடுவே புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த வாதம் நடந்த இடத்தில் சற்று நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் பொய் சொன்னவன் ஆவேன். இருபது ஆண்டுகள் முடிந்தபோது, துணை முதல்வர் பதவிக்கு என் பெயர் வந்தது, பிறகு நின்றுபோனது. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாமலும் இல்லை. அரசியல் சாசனத்தின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் கல்லூரியைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமையைக் கொடுக்கிறது. அந்த உரிமை வேண்டும் என்று வாதிடுகிறவன் நான், இன்றும் வாதிடுவேன். ஆனாலும் வலித்தது. காலை ஜெபத்தில் ஆயிரக்கணக்கான நாட்கள் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். அந்தப் பாட்டுகளில் பாதி எனக்கு மனப்பாடம். ஒரு வாரம் அந்தக் கூட்டத்தில் நிற்கும்போது இவர்கள் வீட்டு விருந்தாளிதானே நான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு மாணவி ஸ்பினோசாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள், மறந்துபோயிற்று.

அதைவிடப் பெரிய துயரம் துறையே கரைந்தது. நான் 1972இல் கல்லூரியில் பி.யு.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பு படித்தபோது லாஜிக் (தருக்கம்) ஒரு பாடம். பார்பரா, செலாரென்ட், டாரீ, ஃபெரியோ என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்போம். மத்தியகால ஐரோப்பாவில் சரியான வாத வடிவங்களை மாணவர்கள் மனப்பாடம் செய்யக் கட்டிய சூத்திரம் அது. பெயருக்குள் இருக்கும் உயிரெழுத்துகள்தான் விஷயம். பார்பராவில் (Barbara) மூன்று ‘a’. எல்லா மனிதரும் இறப்பவர், எல்லா அரசரும் மனிதர், ஆகவே எல்லா அரசரும் இறப்பவர் என்று மூன்றும் முழுமையான உடன்பாட்டு வாக்கியங்கள். பொருள் புரியாமல் தொடங்கி, ஒருநாள் சட்டென்று புரிந்து, அதற்காகவே நான் தத்துவத்துக்கு வந்தேன். 1978இல் அந்தப் புகுமுக வகுப்பு போய், பள்ளியில் பிளஸ் டூ வந்ததும் கல்லூரித் தத்துவத் துறைகளை நிரப்பிய அந்தக் கூட்டம் போனது. ஆட்கள் குறைந்தார்கள். ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படவில்லை. சுயநிதிப் பிரிவில் வணிகவியலும் கணினியும் மாலை வரை நிரம்பி வழிந்தன. எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, எல்லாத் துறை மாணவர்களுக்கும் நன்னெறி வகுப்பு. நூற்றிருபது பேர், மைக் வைத்து, நேர்மை என்றால் என்ன என்று நடத்த வேண்டும். கேள்வி கேட்க வழியில்லாத அறையில் அறத்தைப் பற்றிப் பேசுவது எனக்குக் கடைசிவரை ஒட்டவில்லை. ஒரு கிறிஸ்தவக் கல்லூரி தத்துவத் துறையை மூடிவிட்டு நன்னெறி வகுப்பை வைத்துக்கொண்டால், தன்னிடம் இருந்த நல்ல பொருளைக் கொடுத்துவிட்டு அதன் உறையை வைத்துக்கொள்கிறது என்று நிர்வாகக் கூட்டத்தில் சொன்னேன். குறிப்பேட்டில் ஏறியது.

2014 மே மாதம் என் அறையைக் காலி செய்தபோது துறையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு விரிவுரையாளர். மேனேஜ்மென்ட் சம்பளம், நிரந்தரம் இல்லை. மிகவும் கூர்மையான பெண். பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். அவரிடம் ஹாக்கின் புத்தகத்தைக் கொடுத்தேன். அதே நூல் தைத்த பிரதி. நீதிமன்றம் பற்றிய பக்கத்தின் ஓரத்தில் பெரியவரின் பொடி எழுத்தில் “இல்லை, கருணைக்கு இடம் உண்டு” என்று இருக்கும். திருவாசகம் படித்த கிறிஸ்தவர் அவர். அதற்குக் கீழே 1991இல் நான் எழுதியது, “யாருக்கு? சுமப்பவனுக்கா?”

ஜூலையில் ஒருநாள் இரவு அந்த விரிவுரையாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சார், அந்தப் பக்கத்துல நீங்க எழுதினது தப்புன்னு நினைக்கிறேன். பெரிய சார் சொன்னதும் முழுசா சரியில்ல.”

“ஏன்மா?”

சொன்னார். ஏறக்குறைய நாற்பது நிமிடம். பாதி எனக்கு ஏற்பு, பாதி இல்லை. கடைசியில், “இதை எங்க சார் எழுதி வைக்கிறது, ஓரத்துல இடமே இல்லையே” என்றார்.

அடுத்த பக்கத்தில் எழுதுங்கம்மா, பென்சிலால் எழுதுங்கள் என்றேன்.